சிவப்புப் பட்டை ஷூ

"இது ஷூவா, இல்ல தலகாணியா?"

சாம்பல் நிற ஷூவின் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார். விரல் பாதி புதைந்து மெல்ல மேலே வந்தது.

"தலகாணியாவே இருக்கட்டும். கால் நிம்மதியாத் தூங்கிட்டுப் போகுது," என்றாள் மனைவி.

வேறு நாளாக இருந்தால் இதற்கு ஒரு பதிலடி கொடுக்காமல் விட்டிருக்க மாட்டார். அன்று ஷூவைப் பேசாமல் ரேக்கில் திருப்பி வைத்தார். பக்கத்துத் தட்டில் இருந்த வெள்ளை ஜோடியை நோக்கிக் கை போனது.

நகரப் பேருந்து ஓட்டுநர் அவர். இருபத்தெட்டு வருட சர்வீஸ். பணிமனையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. 'கேப்டன்' என்றால்தான் தெரியும். பணிமனையின் கூடைப்பந்து அணிக்குத் தலைவராக இருந்து, மற்ற பணிமனைகளையெல்லாம் தோற்கடித்து ஒரு கோப்பை வாங்கி வந்தவர். அந்தக் கோப்பைக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு இருபத்தைந்து வயது. அதைக் கொண்டாடப் பழைய ஆட்டக்காரர்களுக்கும் இப்போது ஆடுகிறவர்களுக்கும் ஒரு ஆட்டம் வைத்திருந்தார்கள். பழையவர்கள் எல்லோரும் அன்று போட்ட மாதிரியே, கணுக்காலை மூடுகிற, சிவப்புப் பட்டை வைத்த வெள்ளைத் தோல் ஷூ போட்டு வர வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். முதலில் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தவர், நான்கு நாளாக அந்த ஷூ இல்லாமல் முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றார்.

மனைவி குடிநீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசி எடுப்பவள். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். அவரைத் தனியாக விட்டால் அழகைப் பார்த்து எதையாவது மாட்டிக்கொண்டு வந்துவிடுவார் என்று பயம். சர்க்கரை இருக்கிற உடம்பு, ஐம்பத்திரண்டு வயது, நாள் முழுக்க ஷூவுக்குள் இருக்கிற கால்.

"சொல்றதக் கேளுங்க. ஒரு நாள் கூத்துக்கு அது. தினமும் போடறதுக்கு இது. இதயே வாங்கிக்கலாம். ஞாயித்துக்கிழமைக்கு யார்கிட்டயாவது இரவல் கேளுங்க."

"இரவல் ஷூவா? மானம் போயிடும்."

"மானம் காலுல இல்லங்க."

கடைப் பெண் நடுவில் வந்து மண்டியிட்டாள். முப்பது வயதிருக்கும், கொண்டையில் ஒரு பேனாவைச் செருகியிருந்தாள். ஷூ போட்டுப் பார்க்கிறவர்கள் கால் வைப்பதற்கென்று முன்பக்கம் சரிந்த ஒரு சின்ன மர ஸ்டூலை இழுத்துப் போட்டு, வெள்ளை ஷூவின் நாடாவை எட்டுத் துளையிலும் தளர்த்தி, அவருடைய வலது காலை உள்ளே விட்டாள். முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"சார், விரல் போய் முட்டுது. ஒரு சைஸ் பெரிசு எடுக்கவா?"

"வேணாம்மா. கரெக்டா இருக்கு."

"முட்டுதே சார்!"

"கரெக்டா இருக்குன்னு சொல்றேன்ல."

கடைப் பெண் அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தாள். மனைவி, 'எனக்கென்ன தெரியும், நீயே பேசு' என்பது போல உதட்டைப் பிதுக்கினாள்.

"விக்கறவ சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்றேன் சார். இந்த மாடல் பாக்கறதுக்குத்தான் ராஜா. அடி தட்டை, உள்ள மெத்தையே கிடையாது. நாள் பூரா போட்டா குதிகால் கத்தும்."

"கத்தட்டும்," என்றார் அவர்.

எழுந்து நடக்கவில்லை. உட்கார்ந்தபடியே ஸ்டூலின் சரிவில் பாதத்தை வைத்து, மெல்ல அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கழற்றச் சொல்லிவிட்டு, சாம்பல் ஷூவை மாட்டி, அதே சரிவில் அதே மாதிரி அழுத்திப் பார்த்தார். தலையை ஆட்டினார். மறுபடி வெள்ளை ஷூ. ஷூ வாங்க வந்தவர் ஆர்மோனியக் கட்டையைச் சோதிக்கிற மாதிரி இருக்கிறதே என்று மனைவிக்குச் சிரிப்பு வந்தது.

"நடந்து பாருங்களேன்."

எழுந்து நடந்தார். கடையின் கோடி வரை போய், கண்ணாடி முன் நின்று, இல்லாத பந்தைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, ஒரு எம்பு எம்பினார். இரண்டு வாடிக்கையாளர்கள் கைதட்டினார்கள். கண்ணாடியில் அவரைப் பார்த்தபோது, அழகாகத்தான் இருக்கிறது என்று அவளுக்கே தோன்றியது. முழங்காலுக்குக் கீழே பத்து வயது குறைந்திருந்தது.

"சரி, ஒழியட்டும். வாங்கித் தொலைங்க," என்றாள்.

அவர் வந்து உட்கார, கடைப் பெண் வலது ஷூவை உருவினாள். உருவியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சாம்பல் நிறக் காலுறையில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவப்பாக இருந்தது. அதன் நடுவில் ஒரு வட்டத் தலை மின்னியது. யாரும் ஷூவைத் திருடிக்கொண்டு போகாமல் இருக்கக் கடைகளில் ஒரு பிளாஸ்டிக் வில்லையை மாட்டி வைப்பார்களே, அதன் ஆணி. வில்லையைக் கழற்றியபோது அது ஷூவுக்குள் விழுந்திருக்க வேண்டும். இத்தனை நேரமும் அவர் அதன் மேல்தான் நடந்திருக்கிறார். எம்பிக் குதித்திருக்கிறார்.

"ஐயோ சார்!" கடைப் பெண்ணின் முகம் வெளிறிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "அக்கா, காலைல டேக் கழட்டினது நான்தான். மேனேஜருக்குத் தெரிஞ்சா…" என்றாள். சொல்லிக்கொண்டே ஆணியின் தலையை இரு விரலால் பிடித்து வெளியே இழுத்தாள். அரை விரல் நீளம் இருந்தது.

அவர் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பயப்படாதம்மா. யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். சின்னக் குத்துதான்," என்றார். பிறகு கேட்டார்: "எடுத்துட்டியா?"

ஆணி அவள் உள்ளங்கையில் இருந்தது.

பன்னிரண்டு வருடமாக முகம் தெரியாத குரல்களைக் கேட்டுப் பழகியவள் மனைவி. தண்ணீர் வராதவன் கத்துவான். திருட்டுக் குழாய் போட்டவன்தான் தேன் ஒழுகப் பேசுவான், எல்லாம் நன்றாக இருக்கிறது என்பான். அவர் குரலில் இப்போது அந்தத் தேன் இருந்தது.

பின்பக்கம் சரக்கு வைக்கும் அறைக்கு அவரை அழைத்துப் போனார்கள். கூரை வரை அட்டைப் பெட்டிகள். கடைப் பெண் முதலுதவிப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, பஞ்சு தீர்ந்துபோயிருந்ததால் வாங்கிவர வெளியே போனாள். மனைவி தரையில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினாள். ரத்தம் நிற்காமல் கசிந்தது. பக்கத்திலேயே, பெருவிரலின் அடியில், பழைய புண் ஒன்று வெள்ளையாக ஊறிப்போய்க் கிடந்தது. அதை அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

அவர் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவள் அவருடைய கால் சுண்டுவிரலை நகம் பதியக் கிள்ளினாள். விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மணி ரெண்டே கால்," என்றார் அவர். "நாலு மணிக்கு வண்டி எடுக்கணும். சீக்கிரம் கட்டு."

அவள் கையை எடுத்தாள். நகத்தின் தடம் பிறை போல விரலில் பதிந்திருந்தது.

"எத்தன நாளா?"

"என்ன எத்தன நாளா?"

"கிள்ளினேன். உங்களுக்குத் தெரியல."

"எப்பக் கிள்ளின? நான் யோசனைல இருந்தேன்."

"என்னங்க, என்கிட்டயேவா?"

அவர் பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்த எண்களைப் படிக்கிறவர் போல் அண்ணாந்திருந்தார். அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. போன மழைக்கு முன்னால் ஒரு நாள், கடைக்குப் போனவர் ஒரு காலில் மட்டும் செருப்போடு திரும்பி வந்தார். இன்னொரு செருப்பு தெருமுனையில் கிடந்தது. வீடே சிரித்தது. வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, "உங்கப்பாவுக்கு மறதி முத்திடுச்சு" என்று அவளே கதை சொன்னாள். அப்புறம், சொந்தக் காரை விற்றுவிடலாம் என்று ஆரம்பித்தார். பெட்ரோல் விலை என்றார். அவளும் நம்பினாள்.

"எட்டு மாசம்," என்றார் அவர், பெட்டிகளைப் பார்த்தபடியே. "முதல்ல விரல் மட்டும். பஞ்சு மேல நிக்கற மாதிரி இருந்துச்சு. இப்ப வலது பாதம் பூரா."

"எட்டு மாசமா பஸ் ஓட்டறீங்களா?"

"இருபத்தெட்டு வருஷமா ஓட்டறேன். அது மறந்தா போயிடும்?"

"ஆக்சிலேட்டரும் பிரேக்கும் அந்தக் காலுலதானே?"

"அதுக்குத்தான் இந்த ஷூ," என்றார் அவர்.

அவளுக்குப் புரியவில்லை.

"ஞாயித்துக்கிழமைக்கு இல்ல. ஆட்டமும் வேணாம், மண்ணும் வேணாம். இப்ப போடற ஷூ அடி கனம், மெத்து மெத்துன்னு இருக்கு. பெடல்ல கால் இருக்கா, இல்லையான்னே தெரிய மாட்டேங்குது. இதுல அடி மெல்லிசு, கெட்டி. அமுக்கினா முழங்கால் வரைக்கும் ஒரு அதிர்வு வருது. அத வெச்சுக் கண்டுபிடிச்சுடுவேன். அங்க உக்காந்து அதத்தான் பாத்தேன்."

காலையிலிருந்து அழகா, சுகமா என்று அவரோடு மல்லுக்கட்டியதை நினைத்து அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் அழகைப் பார்க்கவில்லை. சுகம் அவருக்கு எட்டவே எட்டாது. சாம்பல் ஷூவும் வெள்ளை ஷூவும் அந்தப் பாதத்துக்கு ஒன்றுதான்.

"இது வரைக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகல."

"என் கண்ணப் பாத்துச் சொல்லுங்க."

"போன செவ்வாக்கிழமை, சிக்னல்ல… பிரேக்லதான் கால் இருக்குன்னு நெனச்சேன். வண்டி முன்னாடி போயிடுச்சு. ஒரு சாண்தான். முன்னாடி சைக்கிள்ல ஒரு ஆள். ஹேண்ட் பிரேக்க இழுத்துட்டேன். கண்டக்டர், என்ன கேப்டன், தூக்கமான்னு கேட்டான். அதுலேந்து உஷாராத்தான் இருக்கேன். ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு கால் எங்க இருக்குன்னு பாத்துக்கறேன்."

"குனிஞ்சு பாக்கறப்ப ரோட்ட யாரு பாக்கறது?"

கதவு திறந்தது. கடைப் பெண் பஞ்சோடு வந்தாள். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். புண்ணைத் துடைத்துக் கட்டுப் போடும் வரை அந்த அறையில் டேப் கிழியும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பில் போடும் இடத்தில் அவர் முன்னால் போய் நின்றுகொண்டார். வெள்ளை ஷூவை இப்போதே போட்டுக்கொள்வதாகச் சொன்னார். மனைவி குறுக்கே பேசவில்லை. நாலு பேர் நடுவில் ஏதாவது சொன்னால் அவர் விறைத்துக்கொள்வார், அப்புறம் அசைக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். கடைப் பெண் மட்டும் அவள் காதருகே வந்து, "அக்கா, ஒரு சைஸ் பெரிசுதான் மாட்டி விட்டிருக்கேன். சார்கிட்ட சொல்லல. அந்தச் சின்னதப் போட்டா புண்ணு நாறிடும்," என்றாள். பிறகு, "எங்க மாமனாருக்கும் இப்படித்தான் இருந்துச்சு. டாக்டர்கிட்ட இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

ஒரு சைஸ் பெரிய ஷூவில் அவர் படியிறங்கினார். வித்தியாசம் அவருக்குத் தெரியவேயில்லை.

தெரு வெயிலில் கண் கூசியது.

"லீவு சொல்லுங்க. ஆஸ்பத்திரி போகலாம்."

"நாளைக்குப் போகலாம். இப்ப லீவு சொன்னா மாத்து ஆள் கிடைக்காது. ட்ரிப்ப கேன்சல் பண்ணணும். ஏன், எதுக்குன்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லுங்க."

"சொன்னா?" அவர் நின்றார். "சொன்னா என்ன பண்ணுவாங்க தெரியுமா? லைசென்ஸ வாங்கி வெச்சுக்கிட்டு, ஸ்டோர்ல டயர எண்ணுன்னு உக்கார வெப்பாங்க. இன்னும் ஆறு வருஷம் நான் டயர் எண்ணணுமா?"

"எண்ணினா என்ன குறைஞ்சுடும்?"

"உனக்குப் புரியாது."

"நான் பணிமனைக்குப் போன் பண்ணிச் சொல்லிடுவேன்."

அவர் திரும்பிய வேகத்தில், பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் ஒதுங்கினாள். "பண்ணு," என்றார். சத்தம் போடவில்லை. "பண்ணிட்டு, என் மூஞ்சில முழிக்காத."

கல்யாணமாகி இருபத்து நாலு வருடத்தில் அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் கைப்பையைத் திறந்து போனைத் தொட்டாள். எடுக்கவில்லை. அவர் நடக்க ஆரம்பித்தார். அவளும் இரண்டடி பின்னால் நடந்தாள்.

பணிமனைக்கு மூன்று நிறுத்தம். பேருந்தில் அவர் பின்னால் நின்றுகொண்டார். அவள் முன்னால் போய்க் கம்பியைப் பிடித்தபடி, ஓட்டுநரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு இளைஞன். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினான். அவன் கால் அவன் சொல்லாமலே நகர்ந்தது. பிரேக்கைத் தொட்டது, விட்டது, பக்கத்துக்குப் போனது. ஒரு தடவைகூட அவன் கீழே பார்க்கவில்லை. முன் சீட்டில் ஒரு அம்மா குழந்தையை மடியில் நிற்க வைத்துச் சாலையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பணிமனை வாசலில் காவலாளி, "என்ன கேப்டன், அண்ணியையும் ட்யூட்டிக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்க?" என்றான்.

"உங்க கேப்டன் ஓட்டறத ஒரு நாளாவது பாக்கணும்ல," என்றாள் அவள். சிரித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

நாற்பத்தேழாம் எண் வண்டி மூன்றாவது வரிசையில் நின்றது. மணி மூன்றரை. அவர் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கிக்கொண்டு வந்து, சக்கரங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஏறினார். அவளும் பின்னாலேயே ஏறினாள். காலி வண்டி. சீட்டுகளில் வெயில் ஏறி ரெக்சின் வாடை அடித்தது.

"இறங்கு," என்றார்.

"இந்த ஷூல தெரியும்னு சொன்னீங்கல்ல? காட்டுங்க. தெரிஞ்சா நான் வாயே திறக்கல. வீட்டுக்குப் போயிடறேன்."

அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். இருக்கையில் உட்கார்ந்தார். "சரி. என்ன பண்ணணும்?"

"கண்ண மூடிக்கோங்க. கால நான் வெப்பேன். எதுல இருக்குன்னு சொல்லுங்க."

எஞ்சின் அணைந்திருந்தது. அவள் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவருடைய கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்தாள். புதுத் தோலின் மணம் வந்தது. தூக்கி வைத்தாள்.

"ஆக்சிலேட்டர்," என்றார். சரி.

மாற்றினாள்.

"பிரேக்." சரி.

மறுபடி அங்கேயே தூக்கி வைத்தாள்.

"திரும்ப பிரேக்தான். ஏமாத்தப் பாக்கறியா?" அவர் முகத்தில் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது. "பாத்தியா? நான்தான் சொன்னேனே."

அவர் சொல்வது நிஜமாகவே இருந்துவிட்டால்? முழங்காலின் மடிப்பை வைத்துக் கண்டுபிடிக்கிறாரா, அல்லது உண்மையிலேயே தெரிகிறதா? இத்துடன் நிறுத்திக்கொண்டு இறங்கிப் போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

இன்னொரு தடவை காலைத் தூக்கினாள். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத தரையில், முழங்கால் அதே மடிப்பில் இருக்கும்படி வைத்தாள்.

"பிரேக்," என்றார்.

அவள் கணுக்காலிலிருந்து கையை எடுத்தாள்.

"பிரேக்தான். இரு, அமுக்கிக் காட்டறேன்." அவருடைய தொடை இறுகியது. முழு பலத்தோடு அழுத்தினார். "இப்ப முழுசா அமுக்கியிருக்கேன். வண்டி நின்னாச்சு. போதுமா?"

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்தார். சிவப்புப் பட்டை வைத்த வெள்ளை ஷூ, வெறும் தகரத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "நாப்பத்தேழு, நாப்பத்தேழு. வண்டிய எடு. கேட்டுல கூட்டம் நிக்குது."

கண்டக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்வாசலில் ஏறினான். "போலாமா கேப்டன்? அண்ணியும் வராங்களா? டிக்கெட் எடுத்தாத்தான் விடுவேன்."

அவர் காலைத் தூக்கிச் சரியான இடத்தில் வைத்தார். சாவியைத் திருகினார். எஞ்சின் உறுமி, வண்டி முழுக்க நடுங்கியது.

"என்னங்க."

"இறங்கு. இன்னைக்கு ஒரு நாள். நாளைக்கு நானே சொல்லிடறேன். சத்தியமா."

"இறங்க மாட்டேன்."

அவர் கியரில் கை வைத்தார். கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தார்.

"இப்ப நீங்க கீழ பாக்கறீங்க," என்றாள் அவள். "நிமிராதீங்க. நிமிராம சொல்லுங்க. வண்டிக்கு முன்னாடி இப்ப யாரு நிக்கறாங்க?"

"யாரும் இல்ல. இப்பத்தான் பாத்தேன்."

"நிமிந்து பாருங்க."

அவர் நிமிர்ந்தார். வண்டி கழுவுகிற அம்மா ஒரு வாளியோடு வந்து, முன் பம்பருக்கு நேராகக் குனிந்து, எண் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி வழியாக அவளுடைய நரைத்த உச்சி மட்டும் தெரிந்தது. எஞ்சின் சத்தத்துக்குப் பழகியவள், நகரவில்லை.

அவர் கை கியரை விட்டு வந்தது. சாவியைத் திருப்பினார். வண்டி அடங்கியது. "என்ன கேப்டன், என்ன ஆச்சு?" என்று கண்டக்டர் பின்னாலிருந்து கத்தினான். அவர் இறங்கினார். அவளை விலக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், நேரக்காப்பாளரின் அறையை நோக்கி நடந்தார். அவள் ஓடிப்போய்க் கூடச் சேர்ந்துகொண்டாள்.

நேரக்காப்பாளர் பேரேட்டிலிருந்து நிமிராமல், "வண்டிய எடுன்னு எத்தன தடவ சொல்றது?" என்றார்.

"எடுக்க மாட்டேன். வலது கால்ல உணர்ச்சி இல்ல. எட்டு மாசமா இல்ல." அவர் சாவியை மேசையில் வைத்தார். "நான் ஓட்டக்கூடாது."

கேப்டன் வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்து நேரக்காப்பாளர் சிரிக்க ஆரம்பித்தார். பின்னால் நின்ற மனைவியின் முகத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

மாற்று ஓட்டுநர் வந்து நாற்பத்தேழை எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவர் நேரக்காப்பாளர் அறையின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வண்டி வாசலைத் தாண்டியதும் எழுந்து, "வா, போகலாம்," என்றார். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனார்கள்.

பழைய புண் உள்ளுக்குள் ஒரு விரற்கணு ஆழத்துக்குப் போயிருந்தது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. மரத்துப்போன பாதத்தில் உணர்ச்சி முழுசாகத் திரும்பி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

வீட்டில் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு போட்டால் சாப்பிட்டார், கட்டு மாற்ற வந்தால் காலை நீட்டினார். அவ்வளவுதான். மகளிடம் போனில் பேசும்போது மட்டும் குரல் வந்தது. அவள் அலுவலகத்தில் உட்கார்ந்து ஊரார் புகாரையெல்லாம் கேட்டு எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து அந்த மௌனத்துக்குள் நுழைவாள். செய்தது சரிதான் என்று தெரியும். ஆனாலும் சமையலறையில் நின்று இரண்டு தடவை அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை கட்டுப்போட்ட காலோடு ஆட்டத்துக்குப் போனார். அவருக்குப் பதில் கண்டக்டர் இறங்கினான். அவருடைய ஷூ அவனுக்கு அளவாக இருந்தது. பழையவர்கள் முப்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். ஆட்டம் முடிந்ததும் கண்டக்டர் நொண்டிக்கொண்டு வந்து, ஷூவைக் கழற்றி எறிந்தான். "கேப்டன், இதப் போட்டுக்கிட்டா அந்தக் காலத்துல கோப்பை ஜெயிச்சீங்க? கால் இருந்த எடத்துல கொப்புளம்தான் இருக்கு!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மனைவி பக்கம் திரும்பவில்லை.

மருத்துவக் குழு கூடி, இனி வண்டி தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தது. டயர் எண்ண வைக்கவில்லை; கட்டுப்பாட்டு அறையில், வழியில் நிற்கிற வண்டிகளோடு வயர்லெஸ்ஸில் பேசுகிற வேலை கொடுத்தார்கள். புண் ஆறியதும், ஆஸ்பத்திரியிலேயே பாதத்தை அளவெடுத்து ஒரு ஜோடி ஷூ செய்து தந்தார்கள். கறுப்பு. முன்பக்கம் அகலமாக, நாடாவுக்குப் பதில் இரண்டு ஒட்டுப் பட்டை. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டு, மாலையில் திரும்பி வாசலிலேயே உட்கார்ந்தார். பட்டையைப் பிய்த்த சத்தம் சமையலறை வரை கேட்டது.

அவள் வந்து காலுறையைக் கழற்றி, விரல் விரலாக விலக்கிப் பார்த்தாள். டாக்டரம்மா தினமும் பார்க்கச் சொல்லியிருந்தார்.

"என்ன இருக்கு?" என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்தாள். இவ்வளவு நாளில் அவர் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு."

"நல்லாப் பாத்தியா? அடில?"

"பாத்தேன்."

அவர் அந்தக் கறுப்பு ஷூவைத் தூக்கிப் பிடித்து, அப்படியும் இப்படியும் திருப்பினார். "இதப் போட்டுட்டு உள்ள நுழையறேன், மொத்த ரூமும் எழுந்து நிக்குது. மேலதிகாரி யாரோ சோதனைக்கு வந்துட்டாருன்னு நெனச்சிட்டாங்களாம்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினாள்.

"சிரி, சிரி," என்றார் அவர். "நாளைக்கு நீயும் ஒரு ஜோடி அளவெடுத்துக்க. ரெண்டு பேரும் சேந்து போய்ச் சோதனை போடலாம்."

அவள் அவர் பாதத்தை மடியிலிருந்து இறக்காமல், இன்னொரு காலை நீட்டச் சொன்னாள்.